கோமுகியின் தலைமாட்டில் ஒரு பிற்பகல்

கள்ளக்குறிச்சிக்குப் படிக்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது ரயில் நிலையத்தைத்தான். நான் வந்தபோது ஊருக்குள் ரயில் கிடையாது. விருத்தாசலத்திலிருந்து சேலம் போகும் ரயிலில் ஏறிச் சின்னசேலத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து பேருந்து. சின்னசேலத்திலிருந்து ஊருக்குத் தண்டவாளம் போடும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலத்துக்குப் போகிறவர்களுக்கு இது டீ குடிக்க இறங்கும் ஊர். அரிசி ஆலைகள், மக்காச்சோள மூட்டைகள், கரும்பு டிராக்டர்கள், மரச்சிற்பப் பட்டறைகள் எல்லாம் சாலையிலிருந்தே கண்ணில் படும்.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து இது தனி மாவட்டமானது; மாநிலத்தின் 34ஆவது மாவட்டம். 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மாடியில் ஓர் அறை கட்டி மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகளை இப்போது தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அப்படி ஒரு மாடி அறையில்தான் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஆளுக்கு ஒரு படிப்பு, ஆளுக்கு ஓர் ஊர். எங்கள் அறையில் ஊர்ப்பெயர்தான் ஆள்பெயர். ஒருவன் ராம்நாடு, ஒருவன் திருவாரூர். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த நான் பரங்கி. நான்காமவன் மலை. கல்வராயன் மலைக்காரன்.

மொட்டைமாடியில் துணி காயப் போடும்போது மேற்கே நீலமாக ஒரு கோடு தெரியும். மழை பெய்து ஓய்ந்த காலையில் அந்தக் கோடு பச்சையாகி, மடிப்பு மடிப்பாகப் பிரியும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு அது. சேர்வராயன், ஜவ்வாது, பச்சைமலை ஆகியவற்றோடு சேர்ந்து வடக்கே பாலாற்றுப் படுகையையும் தெற்கே காவிரிப் படுகையையும் பிரித்து நிற்பது. பரப்பு சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். சின்னது சராசரியாக 2,700 அடி, பெரியது 4,000 அடி. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மலைக்காரன் துணி காயப் போட மேலே போனால் இறங்கி வர நேரமாகும் என்பதுதான்.

கள்ளக்குறிச்சியில் படிக்கிறேன் என்று வெளியூரில் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். 2024 ஜூன் மாதம் இந்த ஊரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். கோமுகி ஆற்றங்கரையில் ஒரே நேரத்தில் வரிசையாகச் சிதைகள் எரிந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்குப் பிறகு ஊர்ப்பெயரைச் சொன்னாலே சாராயம்தான் பேச்சு. அந்தப் பேச்சு அப்படியே மலைக்குத் தாவும். கல்வராயன் மலையா, அங்கேதானே காய்ச்சுகிறார்கள் என்பார்கள். மெத்தனால் மலையில் விளைவதில்லை. அது தொழிற்சாலை ரசாயனம்; வெளியிலிருந்து வந்தது. மலையில் சாராயம் காய்ச்சுகிற ஆட்கள் உண்டு, வழக்குகளும் உண்டு. ஆனால் ஒரு மலையையே அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டால் அங்கே வாழ்கிற மற்ற எல்லோரும் எங்கே போவார்கள்? மலைக்காரன் இதை வாதமாக ஒருநாளும் பேசியதில்லை. “ஒருதரம் வந்து பாருங்கடா. அப்புறம் பேசலாம்” என்பான், அவ்வளவுதான்.

2025 ஜனவரியில், பொங்கல் முடிந்து அறைக்குத் திரும்பிய வாரம், ஒரு சனிக்கிழமை அரைநாளோடு வகுப்பு முடிந்தது. மெஸ்ஸில் சாப்பிட்ட கையோடு இரண்டு பைக்கில் கிளம்பினோம். வெறுங்கையோடு போகக் கூடாது என்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஒரு சீப்பு வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கினோம். வீட்டில் ஆயா இருக்கிறார் என்று மலைக்காரன் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்த திருவாரூர்க்காரன், தனியாகப் போய் ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் வாங்கிவந்தான்.

ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு மரச்சிற்பப் பட்டறை வாசலில் நின்றோம். ஒரு பெரியவர் கால்களுக்கு இடையே பலகையை இடுக்கிக்கொண்டு பிள்ளையாரின் துதிக்கை மடிப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கொட்டாப்புளியால் ஒரு தட்டு, உளியை அரைக்கால் திருப்பம், மறுபடி ஒரு தட்டு. சுருள் சுருளாகச் சீவல் உதிர்ந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. “பேரு கெடச்சிருக்கு தம்பி. பசங்க கெடச்சா நல்லாருக்கும்” என்றார், உளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கச்சிராயபாளையம் சாலை முழுக்கக் கரும்பு. அறுவடைக் காலம். கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள், சுமை இருபக்கமும் பிதுங்க, சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. முந்த வழி கிடைக்காதபோது அவற்றின் பின்னாலேயே போனோம். ஆலை நெருங்க நெருங்க வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி ஒரு வாசம். இந்த மாவட்டத்தில் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், ஒன்று மூங்கில்துறைப்பட்டில், மற்றொன்று இங்கே. இவ்வளவு கரும்புக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ராம்நாட்டுக்காரன் கேட்டான். வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவனுக்கு எந்த ஊரிலும் முதல் கேள்வி அதுதான். “இரு, காட்டுறேன்” என்றான் மலைக்காரன்.

மலையடிவாரத்தில் கோமுகி அணை. 1965இல் கட்டி முடித்தது. உயரம் 46 அடி. நிரம்பினால் 560 மில்லியன் கன அடி. மேட்டூரையும் வைகையையும் பார்த்தவர்களுக்குச் சிறிய அணைதான். ஆனால் கரைமேல் ஏறி நின்றால் ஒருபக்கம் மலை, மறுபக்கம் அந்த மலை வளர்க்கும் வயல்கள், இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். இந்தத் தண்ணீரை நம்பி 10,860 ஏக்கர் இருக்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது ஆற்றின் பழைய வாய்க்கால்களில் பாயும் பழம்பாசனம். மீதி 5,000 ஏக்கர், அணை வந்த பிறகு புதிய கால்வாயில் சேர்ந்தது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது இந்த மாவட்டம் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. அதன் ஈரம் ஜனவரியிலும் கரையின் புல்லில் இருந்தது.

அங்கே நின்றுதான் எனக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவைச் சொன்னேன். கோமுகி இங்கிருந்து கள்ளக்குறிச்சி ஊர் வழியே போய், விருத்தாசலத்துக்கு மேலேயே மணிமுத்தாற்றில் கலக்கிறது. மணிமுத்தாறும் இதே மலையில் பிறந்ததுதான். சங்கராபுரம் பக்கம் அதற்கும் ஓர் அணை உண்டு. விருத்தாசலத்துக் கோயிலைத் தொட்டுக்கொண்டு போகும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. மலையின் தெற்குச் சரிவில் இறங்கும் நீர் வசிஷ்ட நதியாகி, ஆத்தூர் வழியே வந்து, அதுவும் வெள்ளாறாகிறது. வெள்ளாறு கடலில் விழும் இடம் எங்கள் பரங்கிப்பேட்டை. நான் நீச்சல் பழகிய கழிமுகம் அது. கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அந்த இடத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆய்வு செய்கிறார்கள். மழைக்காலத்தில் அங்கே செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தால், “மேற்கே நல்ல மழை” என்பார் அப்பா. மேற்கு என்றால் எது என்று சிறுவயதில் கேட்கத் தோன்றியதில்லை. அது இந்த மலை.

திருவாரூர்க்காரன் சும்மா இருப்பானா? மணிமுத்தாறு தன் ஊருக்கும் வரும் என்றான். சுந்தரர் விருத்தாசலத்தில் சிவனிடம் வாங்கிய 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த கதை அவன் வீட்டில் சோறூட்டும்போது சொல்வதாம். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவது என்று ஊரெல்லாம் சொல்கிற பழமொழிக்கு நடந்த கதை அது. ராம்நாட்டுக்காரன் மதகையே பார்த்துக்கொண்டிருந்தான். வைகை கடைசியில் வந்து சேரும் பெரிய கண்மாய்க்குப் பக்கத்து ஊர்க்காரன் அவன். ஆறு வந்து முடிகிற இடத்தில் வளர்ந்தவனுக்கு, அது தொடங்குகிற இடத்தில் நிற்பது என்னவோ செய்திருக்க வேண்டும். “இங்க எவ்வளவு பெய்யுதோ அத வச்சுத்தான்டா கீழ எல்லாம்” என்றான்.

அணையைத் தாண்டியதும் மலைச்சாலை. அடிவாரத்தில் காவலர்கள் வண்டியை நிறுத்திப் பையைத் திறந்து பார்த்தார்கள். வாழைப்பழமும் வெற்றிலையும் இருந்ததைப் பார்த்து, “யார் வீட்டுக்குத் தம்பி?” என்று கேட்டார் ஒரு காவலர். மலைக்காரன் தன் ஊரைச் சொன்னான். “போய்ட்டு இருட்டறதுக்குள்ள எறங்கிடுங்க” என்று அனுப்பினார்.

கொஞ்ச தூரத்துக்கு முள்ளும் புதரும்தான். வளைவுகள் ஏற ஏற மரம் உயர்ந்தது. மூங்கில் புதர்கள், புளி, கடுக்காய், ஆங்காங்கே பலா. காதுக்குள் ஓர் அடைப்பு வந்து விலகியது. சட்டைக்குள் காற்று குளிர்ந்தது. ஒரு வளைவில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தோம். அணை ஒரு கைக்கண்ணாடி அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதற்கு அப்பால் கட்டம் கட்டமாகக் கரும்பும் நெல்லும். கள்ளக்குறிச்சி ஊரைத் தேடினோம். வெயில் மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. “எங்க வீட்டு மேல இருந்து பாத்தா ராத்திரில ஊரு வெளிச்சம் தெரியும்” என்றான் மலைக்காரன். நாங்கள் மாடியிலிருந்து மலையைப் பார்த்தபடி இருந்த அத்தனை மாலையும், மலையிலிருந்தும் யாரோ எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கரியாலூரில் பூங்காவும் படகுத்துறையும் இருக்கின்றன. கோடை விழா நடக்கிற பகுதி. குடும்பங்கள் வந்திருந்தன. நாங்கள் அங்கே நிற்காமல் பெரியார் அருவிக்குப் போனோம். இந்த மலையில் அருவிகளுக்குக் குறைவில்லை. மேகம், கவியம், சிறுகல்லூர், எட்டியாறு என்று மலைக்காரன் அடுக்கினான். மேகம் அருவிக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும். வழி தெரிந்தவர் துணையில்லாமல் போகக் கூடாது. பெரியார் அருவி சாலையோரமாகவே இருப்பதால் ஒரு பிற்பகலுக்கு அதுதான் தோது.

பாறைமேல் அகலமாக விரிந்து, படி படியாகத் தாவி இறங்குகிற தண்ணீர். குற்றாலம் போலத் தலையில் ஓங்கி அறைவதில்லை. கீழே உட்கார்ந்தால் தோளில் ஒரே சீராக விழுந்துகொண்டிருக்கும். முதல் நொடி மூச்சு நின்று வந்தது. அப்புறம் எழுந்திருக்க மனமில்லை. தண்ணீர் விழுந்து ஓடும் பாறை இடுக்கில் கை வைத்தால் மணல் விரல்களுக்கிடையே நழுவும். அந்த மணலும் எங்கள் ஊர்க் கழிமுகத்துக்குத்தான் புறப்பட்டிருக்கிறது என்று தோன்றியது. ராம்நாட்டுக்காரன் வாய் நிறையத் தண்ணீரைப் பிடித்து ருசி பார்த்தான். “உப்பே இல்லடா” என்று சத்தமாகச் சிரித்தான்.

குளித்து முடித்த பிறகும் மலைக்காரனைக் காணோம். பாறைக்குப் பின்னால் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான். கண்ணாடிச் சில்லுகள். யாரோ குடித்துவிட்டுப் பாறையில் அடித்த பாட்டில். பெரிய துண்டுகளைக் காகிதத்தில் மடித்தான். பொடிச் சில்லுகளை ஈரத் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தான். சுற்றுலா வருகிறவர்கள் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மாடு மேய்க்கிற பிள்ளைகளின் காலில்தான் ஏறும் என்றான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. நாங்களும் உட்கார்ந்து பொறுக்கினோம். மலைக்குச் சாராயப் பெயர் வந்த கதையைக் கீழே எல்லோரும் பேசுகிறார்கள். கீழேயிருந்து மலைக்கு வருகிற பாட்டிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவன் ஊர் வெள்ளிமலையிலிருந்து உள்ளே விலகிப் போகும் சாலையில் இருக்கிறது. வெள்ளிமலைதான் கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம். அதைத் தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் மரவள்ளிக் கொல்லைகள். கிழங்கு பிடுங்கும் காலம். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, குச்சியைத் தனியே வெட்டிக் கட்டுக்கட்டாக மரநிழலில் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தக் குச்சியைத் துண்டாக்கித்தான் அடுத்த வெள்ளாமைக்கு நடுவார்கள். கிழங்கு லாரி ஏறி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசியில் ஒரு பங்கு இந்தக் கொல்லைகளில் இருந்து வந்ததாக இருக்கும். விலையை ஆலைப்பக்கம்தான் தீர்மானிக்கிறார்கள். கிழங்கைப் பிடுங்கிவிட்டால் வைத்துப் பார்க்க முடியாது; சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும்.

வீட்டு வாசலில் சாக்கு விரித்து ஆயா கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவரை மலைக்காரன் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். “வாங்க கண்ணு, வாங்க. குளிருல வந்தீங்களா?” என்றார். வெற்றிலைக் கட்டைத் திருவாரூர்க்காரன் கொடுத்தபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை அவன் அறைக்கு வந்தும் பேசிக்கொண்டிருந்தான்.

காட்டில் விழுந்த கடுக்காயைப் பொறுக்கி வந்து, கல்மேல் வைத்து இன்னொரு கல்லால் ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் கொட்டையும் சேர்ந்து நொறுங்கிவிடும். மெதுவாகத் தட்டினால் தோடு விடாது. ஆயாவின் கைக்கு அந்த அளவு தெரியும். மஞ்சள் படிந்த தோடு ஒருபுறம், கொட்டை மறுபுறம். மருந்துக்குத் தோடுதான், கொட்டை ஆகாது. நான் தட்டியதில் பாதி நொறுங்கியது. “மெள்ள தட்டு கண்ணு, அதுக்கு வலிக்கும்” என்று ஆயா சொல்ல, எல்லோரும் சிரித்தோம். சித்த வைத்தியத்தில் திரிபலாவின் மூன்றில் ஒன்று கடுக்காய். தோல் பதனிடவும் அது வேண்டும், கலம்காரித் துணிக்குச் சாயம் பிடிக்கவும் அது வேண்டும். இவ்வளவுக்கும் பயன்படுகிற பொருளை மலையில் இப்படிக் குனிந்து பொறுக்கி, ஒவ்வொன்றாக உடைக்கிறார்கள்.

இந்த மலையில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் மலையேறி வந்ததாகவும், ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டதாகவும் இவர்களிடையே கதை உண்டு. யார் எந்த மலை என்பது ஊருக்கு ஊர் மாறும். கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன், கல்வராயன் என எங்கும் உறவுகள் இருப்பதற்கு அந்தக் கதையே விளக்கம்.

மலையின் வரலாற்றில் நான் அறியாமலிருந்த ஒன்றை அந்த வாசலில்தான் கேட்டேன். நாடு 1947இல் சுதந்திரம் அடைந்தது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. ஆனால் இந்த மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் 1976 வரை இருந்தது. விஜயநகர மன்னர் காலத்தில் கிடைத்த உரிமை என்று சொல்லிக்கொண்டு வரி வாங்கினார்கள். ஆயாவுக்கு அது பாடப்புத்தக வரலாறு அன்று. “ஏருக்கு இவ்ளோ, கொத்துக்கு இவ்ளோன்னு குடுக்கணும். கூப்புட்டா வேலைக்குப் போவணும். கூலின்னு கேக்க முடியுமா? நானே போயிருக்கறேன் கண்ணு, கல்யாணம் ஆன புதுசுல” என்றார். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976இல்தான். கீழே கோமுகி அணை கட்டி முடித்துப் பதினோரு ஆண்டு கழிந்த பிறகே மலைக்கு அரசாங்கம் வந்து சேர்ந்திருக்கிறது. மலையின் தண்ணீரை அளந்து, மில்லியன் கன அடியில் கணக்கெழுதி, வயலுக்குப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த கீழ்நாட்டுக்கு, அந்தத் தண்ணீரின் தலைமாட்டில் கூலியில்லாமல் உழைத்த மனிதர்களின் கணக்கு அவ்வளவு நாள் கண்ணில் படவில்லை.

பிந்தி வந்த எல்லாமே இன்னும் பிந்தித்தான் இருக்கிறது. கருணாபுரச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலைமக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, பேருந்து, ஆஸ்பத்திரி, பள்ளி, ரேஷன் என்று ஒவ்வொன்றாக அரசிடம் கேட்டது. அத்தனை உயிர் போன பிறகுதான் ஒரு மலைக்குச் சாலை இருக்கிறதா என்று கேட்கத் தோன்றியது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. மலைக்காரன் படித்தது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில். வகுப்பில் அவனோடு இருந்தவர்கள் பலர் பள்ளி முடிக்கும் முன்பே அப்பா அம்மாவோடு கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்களாம். “நான் போகாததுக்குக் காரணம் ஆயாதான். என்னத் தன்கூடவே வச்சுக்கிட்டாங்க” என்றான்.

அவன் அம்மா சாமைச் சோறு வடித்து மொச்சைக் குழம்பு வைத்திருந்தார். மெஸ் சாப்பாடு வயிற்றில் இருப்பதை யாரும் சொல்லவில்லை. சாமைச் சோறு அரிசிச் சோறு போல ஒட்டாது. குழம்பை இழுத்துக்கொண்டு பருக்கை பருக்கையாக நிற்கும். மொச்சையின் தோல் பல்லில் பட்டு உடையும். “கீழ ரேசன் அரிசி வந்ததுக்கு அப்புறம் பசங்க இதத் திங்கறதில்ல. நீங்க ரெண்டாந்தரம் கேட்டு வாங்குறீங்க” என்று சந்தோஷப்பட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, பெரியார் அருவித் தண்ணீர் கடைசியில் எங்கள் ஊர்க் கடலில்தான் சேர்கிறது என்று சொன்னேன். ஆயா நம்பவில்லை. ஆறு ஆறாக ஊர்ப்பெயர் சொல்லி விளக்கியதும், “அப்ப நாங்க துணி தொவைக்கிற தண்ணியிலதான் நீங்க மீனு புடிக்கிறீங்களா?” என்று கேட்டார். அன்று மாலை முழுக்க அதுதான் சிரிப்பு.

வெயில் சரிவதற்குள் இறங்கிவிட்டோம். மலைக்குப் போகும் கடைசிப் பேருந்து எங்களைக் கடந்து மேலே ஏறியது. படிக்கட்டில் பள்ளிப் பிள்ளைகளும், கூடையோடு சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்களும். அந்தப் பேருந்தைத் தவறவிட்டால் அவர்களுக்கு நடைதான்.

வெளியூரில் படிக்கிறவர்களுக்கு ஊர் சுற்றிப் பார்ப்பது என்றால் அருவி, அணை, பூங்கா, செல்ஃபி என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசைப்படி எல்லாமே இந்த மலையில் இருக்கிறது, கள்ளக்குறிச்சியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். போக நினைப்பவர்கள் மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரியில் போகலாம். ஈரப் பாறையில் கவனம் வேண்டும். இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். தேனும் சாமையும் கடுக்காயும் மலைவாசிகள் கையிலிருந்தே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். பாட்டில் கொண்டுபோகாதீர்கள். ஆனால் அருவியில் நனைந்து திரும்புவதோடு முடித்துக்கொண்டால் மலையில் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். நான்கு ஆற்றுப் பெயர்கள் தெரிந்திருந்தும், அவை பிறக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிய ஓர் அறைத்தோழன் வேண்டியிருந்தது. இந்தக் கட்டுரையைப் படிக்கிற மாணவர் யாராவது வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தால் சொல்கிறேன்: ஊரைப் பார்க்க வழிகாட்டிப் புத்தகம் தேடாதீர்கள். பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனின் ஊருக்குப் போங்கள்.

எங்கள் அடுத்த பயணமும் முடிவாகிவிட்டது. மலைக்காரன் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். கிள்ளைத் தர்காவிலிருந்து அவருக்கு மரியாதை செய்வார்கள். அந்தக் கூட்டத்தோடு கடலைக் காட்டலாம் என்று திட்டம். கள்ளக்குறிச்சி, விருத்தாசலம், சிதம்பரம் என்று கூடுமானவரை ஆற்றை ஒட்டியே போகப் போகிறோம். விருத்தாசலத்தில் இறங்கி மணிமுத்தாற்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்று திருவாரூர்க்காரன் இப்போதே சொல்லிவிட்டான். ஆயாவும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்கள் வீட்டில் அம்மா, மலையிலிருந்து வருகிறவர்களுக்கு எந்த மீன் பிடிக்கும் என்று தினமும் போனில் கேட்கிறார்.